ஒரே நபர்

ஆதாரில் அவள் தில்லைநாயகி.
பி.எஃப். ஏட்டில் தில்லநாயகி, ஐகாரம் இல்லை.
வங்கியில் டி. நாயகி.
மூவரும் ஒருவரே என்று
எழுதி வாங்கி வரச் சொல்கிறார் மேலாளர்.
மஞ்சக்குப்பத்தில்
ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில்
குடையடியில் இருக்கிறார் நோட்டரி.
முத்திரைத்தாள் இருநூறு, கையெழுத்துக்கு முந்நூறு.
"மேற்படி மூன்று பெயர்களும்
ஒரே நபரையே குறிக்கும் என
இதனால் உறுதி கூறுகிறேன்."
நான்காவதாக ஒரு பெயர் இருந்தது.
வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியானது.
அதை யாரும் கேட்கவில்லை,
நானும் சேர்க்கச் சொல்லவில்லை.

நான் படகு இன்ஜின் பார்க்கிறவன்.
முதுநகரில், உப்பனாற்று ஓரம்.
எந்த லேலண்டு எப்போது படுக்கும் என்று
சத்தத்திலேயே சொல்லிவிடுவேன்.
வீட்டுப் பணம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று
இருபத்தைந்து வருஷம் கேட்டதில்லை.
சனிக்கிழமை கூலியை அவளிடம் கொடுப்பேன்.
ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க
அவள் எனக்குக் கொடுப்பாள்.

இப்போது பீரோ திறந்து கிடக்கிறது.
வெள்ளம் வந்த வருஷம்
முட்டளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு
காகிதம் காகிதமாகக் கொடியில் காயப்போட்டவள்,
காய்ந்ததும் எல்லாவற்றையும்
லேமினேட் செய்து வைத்தாள்:
ரேஷன் கார்டு, என் எட்டாம் வகுப்பு டி.சி.,
பட்டறை அட்வான்ஸ் ரசீது, எல்.ஐ.சி. பாண்டு.
இனி கடலே வந்தாலும் வரட்டும் என்றாள்.
கவுண்டரில் இருந்த பெண்
பாண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இதுமேல சீல் நிக்காதே சார்."
வைத்தும் காட்டினாள்.
ஊதா மை வட்டமாக உட்கார்ந்து
விரல் பட்டதும் வழுக்கிப் போனது.

வாரிசுச் சான்றிதழுக்கு
வி.ஏ.ஓ. விசாரிக்க வந்தார்.
தெருவில் இரண்டு சாட்சி வேண்டும்.
மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு
கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு
அஞ்சலாட்சி போட்டாள் முதல் கையெழுத்து.
"அந்தம்மாவுக்கு வேற வாரிசு யாரும்?"
"இருந்தா எங்களுக்குத் தெரியாம இருக்குமா?"
அவர் வண்டி முக்குத் திரும்பிய பிறகு
கூடையைத் தூக்காமல் நின்றாள்.
"அண்ணே, நான் அதுக்கு நாலாயிரம் தரணும்.
ஐப்பசியில வாங்குனது."
எந்த நோட்டிலும் இல்லை.
நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

அவள் போனுக்கு மாசாமாசம்
ரீசார்ஜ் செய்கிறேன்.
எல்லா ஓ.டி.பி.யும் அதற்குத்தான் வருகிறது.
"பச்சையா இருக்கறத அமுக்குப்பா" என்று
ஓசூரிலிருந்து மகள் சொல்லிக்கொடுக்கிறாள்.
யாரிடமும் பகிராதீர்கள் என்று
எச்சரித்துக்கொண்டே வருகின்றன ஆறு எண்கள்.
கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள்
நேரம் முடிந்துவிடுகிறது.
மறுபடி அனுப்பு என்றால்
மறுபடி அனுப்புகிறது.
எண்ணை மட்டும்.

கடைசியாக ஐஸ் கம்பெனி.
அவள் கணக்கெழுதிய நாற்காலியில்
வேறொரு பெண் தலை குனிந்து எழுதுகிறாள்.
தூசி தட்டிப் பழைய ஃபைலை எடுத்துத் தந்தார்கள்.
சேர்ந்த அன்று அவளே நிரப்பிய படிவம்,
அவளுடைய சாய்ந்த எழுத்து.
நியமனதாரர்: கு. தேவநாதன்.
உறவு: கணவர்.
வயது: 29.
அதற்குப் பிறகு அதை யாரும் திருத்தவில்லை.

கிளார்க் ஆதாரைப் பார்த்தார்,
என் நரையைப் பார்த்தார்,
படிவத்தைப் பார்த்தார்.
இந்த இருவரும் ஒருவரே என்பதற்கும்
பத்திரம் வேண்டுமோ என்று கேட்டேன்.
நிஜமாகத்தான் கேட்டேன்.
"வயசு தானா ஏறிக்கும் சார்,
நீங்க கையெழுத்துப் போடுங்க."

எவ்வளவு சோப்பு போட்டும்
நகக்கண்ணில் தங்கிவிடுகிற கிரீஸ்
பெயருக்குப் பக்கத்தில் கட்டைவிரலாக ஒட்டியது.
பதறித் துடைத்தேன்.
போகவில்லை.
"இருக்கட்டும்" என்றார்.
அதன் மேலேயே சீல் வைத்தார்.